அரசர் ஏறிய படகு

ஏழாற்று நாடு என்று ஒரு நாடு இருந்தது. அங்கே ஒரே ஓர் ஆற்றில்தான் தண்ணீர் ஓடியது. மற்றவை மணல் லாரிகள் போய்வரும் சாலைகளாகிவிட்டன. நாட்டின் பெயரை மட்டும் யாரும் மாற்றவில்லை.

அந்த நாட்டில் ஓர் அருமையான வழக்கம் உண்டு. ஒரு புத்தகத்தைப் பரிந்துரைப்பவர் அதைப் பற்றி ஒரு வார்த்தையும் புகழக்கூடாது. எழுந்து நின்று ஒரு பக்கத்தை மட்டும் வாசித்துவிட்டு மூடிவிட வேண்டும். கேட்டவர் "அப்புறம்?" என்றால் புத்தகம் தேறிவிட்டது. கேட்காவிட்டால், பொறுமையாக உட்கார்ந்திருந்ததற்காக அவருக்கு ஒரு டம்ளர் மோர் கொடுத்து அனுப்ப வேண்டும். இதைவிட நேர்மையான மதிப்புரை முறையை நான் எங்கும் கண்டதில்லை. அரசர் நெடுமுடியாரின் வரலாறு ஊர் ஊராக வாசிக்கப்பட்ட ஆண்டில் நாடெங்கும் மோர்த் தட்டுப்பாடு வந்தது.

தலைநகரில் அங்காயி என்பவள் மாவு மில் நடத்திவந்தாள். மில்லில் காத்திருப்பவர்களுக்குப் பொழுது போக வேண்டுமே என்று அவள் ஒரு நாவலை எடுத்து ஒரு பக்கம் வாசிப்பாள். நாவலின் பெயர் 'அக்கரைச் சந்தை'. வாசித்ததும் மூடிவிடுவாள். அப்புறம் என்ன, மாவு அரைத்து முடிந்தும் ஒருவரும் வீட்டுக்குப் போவதில்லை.

நானும் அந்த நாவலைப் படித்தேன். இரண்டு தடவை. ஆற்றைக் கடந்து சந்தைக்குப் போகிறவர்களை ஏற்றிச் செல்லும் படகுக்காரி சிலம்பாயியின் கதை அது. சண்டை போட்டுக்கொண்டு வருகிறவர்களை அவள் படகின் இரண்டு முனைகளிலும் உட்கார வைப்பாள். படகும் சாயாது, கத்திக் கத்திப் பேசி அக்கரை போவதற்குள் அவர்களுக்குக் கோபமும் தீர்ந்துவிடும். மகளுக்குப் பிடிக்குமே என்று ஒருவர் பூசணிக்காயை மடியில் சுமந்துகொண்டு போகிறார். வாசல்வரை போய், கூப்பிடத் தைரியம் வராமல், காயைப் படியில் வைத்துவிட்டுத் திரும்புகிறார். அந்த இடத்தில் நான் அழுதேன். சொல்வதற்கு வெட்கமாக இல்லை. இன்னோர் இடத்தில், ஒரு பானை வியாபாரி கடைசியாக ஏறியதும் பாரம் தாங்காமல் படகில் தண்ணீர் புகுகிறது. சிலம்பாயி ஒன்று சொல்ல, அவர் சிரித்துக்கொண்டே இறங்கி, இடுப்பளவுத் தண்ணீரில் பானைகளோடு நடந்தே வருகிறார். அவ்வளவுதான் கதை. ஆனால் படித்து முடித்தவர்கள் அன்று முழுக்க அக்கம்பக்கத்தாரிடம் காரணமில்லாமல் அன்பாக நடந்துகொண்டார்கள்.

இது புகழ்த்துறை அமைச்சர் சொல்லழகனாரின் காதுக்குப் போனது. அவர் அரசரிடம் ஓடினார்.

"மன்னர் பெருமானே, விபரீதம். அந்நூலில் தாங்கள் இல்லை."

"எந்தப் பக்கத்தில் இல்லை?"

"எந்தப் பக்கத்திலும் இல்லை, பெருமானே. குடிமக்கள் உண்கிறார்கள், உறங்குகிறார்கள், சந்தைக்குப் போகிறார்கள். ஒருவரும் தங்களை நினைக்கவில்லை. அப்படியும் மகிழ்ச்சியாக இருக்கிறார்கள்."

அரசருக்கு உண்மையிலேயே மனசு நொந்துபோயிற்று. "நான் இல்லாமல் எப்படி?" என்று கேட்டார்.

நூலைத் தடை செய்ய வழியில்லை. எங்கள் நாட்டில் எந்த நூலும் தடை செய்யப்பட்டதில்லை என்று அயல்நாடுகளிடமெல்லாம் பெருமையடித்தாகிவிட்டது. ஒரு வரியை நீக்கினால்கூடக் கெட்ட பெயர். எனவே ஆணை பிறந்தது: நூலில் எதையும் நீக்கக்கூடாது, அரசரை மட்டும் எல்லா அத்தியாயத்திலும் சேர்க்க வேண்டும். அரண்மனைப் புலவர்கள் அப்படியே சேர்த்தார்கள். புதிய பதிப்பில், பூசணிக்காயை வழியில் அரசருக்கு அன்பளிப்பாக வாங்கிக்கொண்டார்கள். அரசர் வருகைக்காகச் சந்தைக் கடைகளைக் காலையிலேயே அடைத்தார்கள். படகில், பானை வியாபாரிக்கும் பிறகு, அரசரும் ஏறினார். பழைய பிரதிகளைப் பிடுங்கிக்கொண்டு புதியதை வீடு வீடாகக் கொடுத்தார்கள்.

"முன்னாடி இது கதையா இருந்துச்சு. இப்பதான் நம்ம ஊரு மாதிரியே இருக்கு" என்றார் மில்லுக்கு வந்த ஒருவர். முன்பைவிட அதிகமாகப் படித்தார்கள், முன்பைவிட அதிகமாக "அப்புறம்?" கேட்டார்கள்.

அடுத்த ஆணை வந்தது. இனி நாட்டில் யாரும் "அப்புறம்?" என்று கேட்கக்கூடாது. வைத்தியரிடம் "வயிறு வலிக்குது" என்று சொன்னால் அதோடு சரி. மேற்கொண்டு கேட்காமல் அவர் ஏதோ ஒரு மாத்திரை கொடுத்தார். கல்யாணப் பேச்சுகள் பாதியில் நின்றன. பாலம் வரும் என்று அமைச்சர்கள் அடிக்கல் நாட்டினார்கள். அப்புறம் என்ன ஆயிற்று என்று கேட்க ஆளில்லை. அமைச்சர்களுக்கு இந்தச் சட்டம் ரொம்பப் பிடித்துப்போயிற்று.

பிறகுதான் அங்காயியைப் பிடித்தார்கள். அரசர் முன்னிலையில், மைதானத்தில், அவள் ஒரு பக்கம் வாசிக்க வேண்டும். யாரும் "அப்புறம்?" கேட்கவில்லை என்றால் நூல் தோற்றது, மில்லுக்குச் சீல், அவள் ஆயுசுக்கும் எந்தப் புத்தகத்தையும் பரிந்துரைக்கக்கூடாது. கேட்கத்தான் தடை இருக்கிறதே என்று சொல்லழகனார் நிம்மதியாக இருந்தார். மோருக்கும் அவரே சொல்லிவைத்தார். நூலை அவர் இன்னும் படித்திருக்கவில்லை.

"மில்லு போனா சோத்துக்கு என்னக்கா பண்ணுவே? புத்தகம் நல்லா இல்லைன்னு சொல்லிட்டு வந்துரேன்" என்றாள் பக்கத்துக் கடைக்காரி மருதாயி.

"எப்படிடி சொல்லுவேன்? நல்லா இருக்கே."

மைதானம் நிரம்பியிருந்தது. தன் பெயர் வரும் பக்கத்தைக் கேட்கும் ஆவலில் அரசர் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அங்காயி படகுப் பக்கத்தைப் பிரித்து வாசித்தாள். எல்லோரும் ஏறினார்கள். பானை வியாபாரி ஏறினார். கடைசியாக, குடையோடும் சாமரத்தோடும் அரசர் ஏறினார். நடு ஆற்றில் படகு சாய்ந்தது. தண்ணீர் உள்ளே புகுந்தது. குழந்தைகள் அலறின. பக்கம் முடிந்தது. அங்காயி புத்தகத்தை மூடினாள்.

யாரும் கேட்கவில்லை. அடுத்த பக்கம் என்னவென்று அங்கே முக்கால்வாசிப் பேருக்குத் தெரியும். சொல்லழகனார் மோர்ப் பானையைக் கொண்டுவரச் சைகை காட்டினார்.

அரசர் நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தார். அவர் முகம் வெளுத்திருந்தது.

"அப்புறம்?" என்றார்.

சொல்லழகனாருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. சட்டப்படி அரசரைக் கைது செய்ய வேண்டும். வழக்கப்படி நூல் தேறிவிட்டது. அதற்குள் அங்காயி அடுத்த பக்கத்தைப் பிரித்துவிட்டாள். அதில் புலவர்கள் ஒரு வரியையும் தொட்டிருக்கவில்லை, நீக்கத்தான் உத்தரவில்லையே.

"சிலம்பாயி துடுப்பை நிறுத்தினாள்" என்று வாசித்தாள் அங்காயி. "'யாரும் பயப்படாதீங்க. படகு நல்ல படகுதான். கடைசியா ஏறினவர் இறங்கிட்டா, நாம எல்லாரும் கரை சேர்ந்துடலாம்' என்றாள்."

"போதும்! நூலை மூடு!" என்று சொல்லழகனார் கத்தினார்.

அங்காயி மரியாதையாக மூடினாள்.

முதலில் பின்வரிசையில் ஒரு குரல்தான் கேட்டது. பிறகு மைதானம் முழுவதும், தடைச் சட்டத்தை எழுதிய குமாஸ்தா உட்பட, சேர்ந்து கேட்டது:

"அப்புறம்?"