போர்டு கூட்டத்தில் நான் கை தூக்கிய கதை

என் கையெழுத்து கோழி கிளறியது போல இருக்கும். எழுத்துப் பிழையும் இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாம் ஆண்டோடு நிறுத்தியவன் நான். பேச்சு இன்னும் மோசம். கடைக்காரர் நாசி லெமாக் சோற்றில் சம்பல் வைக்க மறந்தால்கூட, கேட்கப் பயந்து வெறும் சோற்றைத் தின்றுவிட்டு வருவேன்.

இப்படிப்பட்டவன் ஒரு கம்பெனியின் இயக்குநர் என்றால் உங்களுக்குச் சிரிப்பு வரும். எனக்கு அன்று பயம்தான் வந்தது.

தெப்ராவில் பிளாஸ்டிக் டப்பா செய்யும் தொழிற்சாலையில் இருபத்தாறு வருடமாக மெஷின் ஓட்டுகிறேன். முதலாளி, அவர் மனைவி, மைத்துனர் மூவரும்தான் இயக்குநர்கள். கூட்டமெல்லாம் அவர்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையிலேயே முடிந்துவிடும். பெரிய ஆர்டர் தர வந்த ஒரு சிங்கப்பூர்க்காரர், குடும்பத்துக்கு வெளியே யார் இருக்கிறார்கள் என்று கேட்டுவிட்டார். முதலாளி உடனே பத்து பாகாட் ஊரிலிருந்து ஒரு வக்கீல் அம்மாவை வரவழைத்தார்.

அந்த அம்மா வெள்ளைப் பலகையில் ஐந்து நாற்காலி வரைந்தாராம். எல்லாரும் ஒரே மாதிரி யோசித்தால் ஐந்து பேர் எதற்கு என்று கேட்டாராம். தொழில் தெரிந்தவர், கணக்கு தெரிந்தவர், சந்தை தெரிந்தவர், தொழிலாளிகளில் ஒருவர், முக்கியமாகக் கேள்வி கேட்கப் பயப்படாத ஒருவர் வேண்டும் என்றாராம்.

தொழிலாளி நாற்காலிக்கு முதலாளி என்னைத் தேர்ந்தெடுத்தார். காரணம் எனக்கே தெரியும். இத்தனை வருடத்தில் நான் அவரிடம் பேசியது "சரிங்க மொதலாளி" மட்டும்தான். (அதிலும் பாதி நாள் சத்தம் வெளியே வராது.)

கூட்டத்தன்று காலையில் என் மனைவி சரசு சட்டைக்கு இஸ்திரி போட்டபடி சொன்னாள். "அங்க போயி வாயத் தொறந்துடாதீங்க. சும்மா இருக்கிறது ஒண்ணுதான் உங்களுக்கு நல்லா வரும்."

எனக்குப் பேசும் ஆசையே இல்லை. ஏதாவது உளறி வேலை போனால், ஐம்பத்து மூன்று வயதுக்காரனுக்கு வேறு யார் மெஷின் தருவார்கள்? பயம் தெரியாமலிருக்க, கூட்டத்துக்கு முன் கேண்டீனில் மூன்று கிளாஸ் தே தாரிக், அதான் ஆற்றிய பால் டீ, குடித்தேன். கூட்ட அறையின் ஏர்கோன் மீன் மார்க்கெட் ஐஸ் பெட்டி மாதிரி இருந்தது. அரை மணி நேரத்தில் மூன்று கிளாஸும் ஒன்றாகக் கதவைத் தட்டின.

ஐந்தாவது நாற்காலிக்கு முதலாளி தன் மருமகனின் பெயரைச் சொன்னார். மருமகன் நல்ல பையன். தொழிற்சாலைக்கு இரண்டு முறை வந்திருக்கிறார், இரண்டு முறையும் காரை நிழலில் நிறுத்த. முதலாளியின் மனைவி தலையாட்டினார். மைத்துனரும் ஆட்டினார். நான் காலை இறுக்கிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தேன்.

எங்கள் லைனில் மெஷினை விட்டு நகரக் கூடாது. அவசரம் என்றால் கை தூக்க வேண்டும், லீடர் மாற்று ஆளை அனுப்புவார். இருபத்தாறு வருடப் பழக்கம். ஆட்சேபணை உள்ளவர்கள் கை தூக்கலாம் என்று வக்கீல் அம்மா சொல்லி முடித்த அதே நொடியில், என் கை தானாக மேலே போய் நின்றது.

முதலாளி என்னைப் பார்த்த பார்வையில் மூன்று கிளாஸும் நான்காகிவிட்டன.

"காரணம் சொல்லுங்க ஐயா, மினிட்ஸ்ல எழுதணும்" என்றார் வக்கீல் அம்மா.

இரண்டு பெண்கள் இருக்கும் இடத்தில் அந்தக் காரணத்தை எப்படிச் சொல்வது? எழுந்தேன். நாற்காலி பின்னால் விழுந்தது. ஓடினேன்.

கழிவறையில் வேலை முடிந்தும் வெளியே வரப் பயமாக இருந்தது. ஜன்னலைப் பார்த்தேன். கம்பி போட்டிருந்தது. அப்போது முதலாளியின் செருப்புச் சத்தம் வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றது.

"மாரி, உள்ளதான இருக்க?"

"ஆமாங்க மொதலாளி."

"இத்தன வருசம் வாயத் தொறக்காத ஆளு நீ. சும்மா எந்திரிச்சுப் போவ மாட்ட. மூஞ்சியப் பாத்து சொல்ல முடியலன்னா அங்கேருந்தே சொல்லுலா. மாப்பிள்ள வேணாங்கிறியா?"

அவசரம் என்று உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் நடுவில் கதவு இருந்தது, அவர் முகம் தெரியவில்லை. எங்கிருந்தோ ஒரு குரல் வந்தது. என்னுடையதுதான்.

"அஞ்சு பேர்ல நாலு பேரு ஒரே பானைச் சோறு மொதலாளி. நீங்க தப்பா போனா யாரு சொல்லுவா? நான் சொல்ல மாட்டேன். எனக்குப் பயம்."

பயத்தில் இன்னொரு முறை ஃபிளஷ்ஷை இழுத்துவிட்டேன். செருப்புச் சத்தம் திரும்பிப் போனது. வேலை போயிற்று என்று நினைத்து, நெடுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தேன்.

வேலை போகவில்லை. ஐந்தாவது நாற்காலிக்குப் பொந்தியானிலிருந்து ஒரு சீன அம்மா வந்தார், வேறு தொழிற்சாலையில் கொள்முதல் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் கேட்கிற கேள்விகளுக்குப் பயந்து இப்போது முதலாளியே கூட்டத்துக்கு முன் தே தாரிக் குடிக்கிறார். சிங்கப்பூர் ஆர்டரும் வந்தது. மருமகன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். அவருக்கும் அந்த நாற்காலி வேண்டாமாம், மாமனாரிடம் சொல்லப் பயமாம்.

'ஓர் இயக்குநர் ஆட்சேபித்து வெளிநடப்புச் செய்தார்' என்று மினிட்ஸில் இருக்கிறது. அதில் நானும் கையெழுத்துப் போட்டேன். உண்மைக் காரணத்தைச் சரசுவிடம் மட்டும்தான் சொன்னேன். (அது போதுமே, சொந்தக்காரர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது.)

போன வாரம் மகளைப் பெண் பார்க்க வந்தார்கள். உங்கள் அபிப்பிராயம் என்ன என்று மாப்பிள்ளையின் அப்பா என்னைக் கேட்டார். நான் கார்ப்பெட்டைப் பார்த்தேன். சரசு பலகாரத் தட்டை நீட்டியபடி அவரிடம் சொன்னாள்:

"அவரு கொஞ்சம் பாத்ரூமுக்குப் போயி கதவச் சாத்திக்குவாரு. அப்புறம் கேளுங்க, சொல்லுவாரு."

மகள் சிரிப்பை அடக்க முடியாமல் உள்ளே ஓடினாள். நானும் எழுந்து போனேன்.

எழுதி முடித்தது: ஜூன் 14, சனிக்கிழமை.