நாற்பத்தொரு தாள்கள்

கண் மருத்துவப் பிரிவுக்குத் திரும்பும் முனையில், எக்கார்ட் வீபே வடிவமைத்த வழிகாட்டிப் பலகையின் மேல் யாரோ ஒரு தாளை ஒட்டியிருந்தார்கள். “கண் டாக்டரா? இந்தப் பக்கம் இல்லை. வந்த வழியே போய் முதல் கதவு” என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

எக்கார்ட் கடிகாரத்தைப் பார்த்தார். மணி எட்டு. பத்து மணிக்கு விருது நடுவர்கள் வருகிறார்கள்.

ஹாம்பர்க்கில் மூன்றே பேர் வேலை பார்க்கும் சின்ன வடிவமைப்பு நிறுவனம் அவருடையது. ஆண்டுதோறும் வழங்கப்படும் சர்வதேச வரைகலை விருதுக்குப் பதினோரு முறை விண்ணப்பித்து, பதினோரு முறையும் நன்றிக் கடிதம் மட்டும் வாங்கியவர். இந்தத் தடவைதான் இறுதிச் சுற்று வரை வந்திருந்தார். இந்தப் புதிய மருத்துவமனைக்கு அவர் செய்த பலகைகளில் ஒரு சொல்கூடக் கிடையாது. வெளிர்சாம்பல் பலகையில் சாம்பல் புள்ளிகள். ஒரு புள்ளி என்றால் கண், இரண்டு என்றால் காது, மூன்று என்றால் எலும்பு. நோயாளியின் மனதுக்கு அமைதி தரும் வடிவம் என்று விண்ணப்பத்தில் எழுதியிருந்தார்.

தாளைப் பிய்த்தெடுத்தார். அடுத்த திருப்பத்தில் இன்னொன்று. லிஃப்டுக்குள் இரண்டு. நான்கு மாடியிலும் சேர்த்து நாற்பத்தொன்று. அத்தனையையும் உரித்து வாசலில் நின்ற குப்பை வண்டியில் போட்டார். வண்டி கிளம்பிப் போனதும்தான் அவருக்கு மூச்சு வந்தது.

ஒன்பது மணிக்கு நோயாளிகள் வரத் தொடங்கினார்கள். கால் மணி நேரத்துக்குள், முழங்கால் வலிக்காரர் ஒருவர் பிரசவ அறைக்குள் நுழைந்து வெளியே அனுப்பப்பட்டார். கைத்தடியோடு வந்த ஒரு பெரியவர் எக்கார்டைப் பிடித்துக்கொண்டார்.

“தம்பி, கண் டாக்டர் எங்க இருக்கார்?”

“அதோ, பலகையில ஒரு புள்ளி இருக்கு பாருங்க. அதைப் பார்த்துக்கிட்டே போங்க.”

“அந்தப் புள்ளி தெரிஞ்சா நான் எதுக்குக் கண் டாக்டரைத் தேடப் போறேன்?”

எக்கார்ட் பெரியவரைக் கையைப் பிடித்து அழைத்துப் போனார். வழி தெரிந்த ஆள் ஒருவர் கிடைத்துவிட்டார் என்று நினைத்து ஒரு கர்ப்பிணி பின்னால் சேர்ந்துகொண்டாள். அப்புறம் மாவுக்கட்டோடு ஒருவர். பத்தடிக்கு ஒருவராகக் கூட்டம் பெருகியது. வேகமாக நடந்தால் கழன்றுவிடலாம் என்று பார்த்தார். அவர்களும் வேகமாக நடந்தார்கள். அந்த அவசரத்தில் ஏழு புள்ளியா எட்டா என்று அவருக்கே குழம்பிவிட, பதினேழு பேரையும் கொண்டுபோய் அடித்தளத்துச் சலவை அறையில் நிறுத்தினார்.

படுக்கை விரிப்பு மடித்துக்கொண்டிருந்த பெண் நிமிர்ந்து பார்த்தாள். “இவங்க எல்லாரையும் துவைக்கணுமா?” என்று கேட்டாள்.

ஒவ்வொருவரையும் அவரவர் கதவில் விட்டுவிட்டு எக்கார்ட் வாசலுக்கு ஓடி வந்தபோது மணி பத்தரை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. நடுவர்களைக் காணோம். பதினொன்று வரை கதவையே பார்த்துக்கொண்டு நின்றார். உள்ளே போய் எங்கேயாவது வழி தெரியாமல் சுற்றுகிறார்களோ என்று நினைத்தார்.

கடைசியில் வரவேற்பு மேசைக்குப் போனார். அங்கே வரவேற்பாளர் டோர்த்தே ஷிம்மெல்ஃபெனிக் இலவங்கப்பட்டை ரொட்டியைக் காபியில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தார். விருதுக் குழுவிலிருந்து இரண்டு பேர் வந்தார்களா என்று எக்கார்ட் மெதுவாகக் கேட்டார்.

“அவங்களா? சொல்லாம வந்து பார்க்கிறதுதான் வழக்கமாம், நேத்தே வந்துட்டுப் போயிட்டாங்க சார். நான் எழுதி ஒட்டின தாளையெல்லாம் ஒண்ணு விடாம படம் எடுத்துக்கிட்டு, என் பேரை எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னாங்க, கேடயத்துல தப்பில்லாம பொறிக்கணுமாம்.”