உச்சிக் கொம்பில் கட்டிய துணி

கூச்சக்காரனால் யாருக்கும் தொந்தரவு இல்லை என்று பொதுவாக ஒரு எண்ணம் உண்டு. அது சரியல்ல. ஐந்தாம் வகுப்பில் நான் ஒரே ஒரு நாள் கூடுதலாகக் கூச்சப்பட்டதில் இரண்டு போலீஸ்காரர்கள் மூச்சிரைக்க மலையேற வேண்டி வந்தது.

மலையாள ராஜ்யத்திலிருந்த தமிழ் ஊர்களைத் தமிழ் ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் நடந்த காலம் அது. எங்கள் குன்னத்துகால் பக்கத்தில் அப்போது எல்லை என்று ஒன்று இல்லை. அது எங்கே வரப்போகிறது என்பதில்தான் சண்டை. எங்கள் வீட்டிலோ, சண்டை தமிழில் தொடங்கினால் மலையாளத்தில் முடியும். (சமாதானம் எந்த மொழியிலும் கிடையாது.)

எங்கள் வாத்தியார் ஏசுவடியான் சார். ஒரு சனிக்கிழமை எங்கள் இருபத்திரண்டு பேரையும் சாஸ்தா மலைக்குக் கூட்டிப்போனார். "பூகோளம் புஸ்தகத்தில இல்ல மக்கா, மேல நிண்ணு பாத்தாத்தான் விளங்கும்" என்றார்.

அந்த மலைக்கு ஒரு வழக்கம் உண்டு. முதல் தடவை ஏறுகிறவன் உச்சியிலுள்ள நாவல் மரத்தில் ஒரு துண்டுத் துணி கட்டி, மனதுக்குள் சாஸ்தாவிடம் ஒன்று கேட்கலாம். சர்ச்சுக்குப் போகிற வீட்டுப் பையன்களும் கட்டுவார்கள். "எனக்கு இது பூகோளம் ஆக்கும்" என்று சொல்லி, அந்த நேரத்தில் சார் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார்.

என் வேண்டுதல் ஒரு மாதமாகவே தயாராக இருந்தது. தினமும் காலையில் சார் என்னை எழுப்பிப் பாடம் வாசிக்கச் சொல்வார். நான் எழுந்தால் என் குரல் உட்கார்ந்துவிடும். இனி என்னை எழுப்பக்கூடாது, அவ்வளவுதான்.

அன்று காலை அம்மா மரச்சீனிக் கிழங்கை (மரவள்ளிதான்) அவித்து, தேங்காயும் மஞ்சளும் போட்டு மசித்து, வாழையிலையில் பொதிந்து தந்தாள். "துவர்த்தில கெட்டிக் கொண்டு போலே" என்றாள். துவர்த்துகிற அந்தத் துண்டு கொடியில் ஈரமாகக் கிடந்தது. எங்களோடு இருந்த செல்லப்பன் மாமனின் டிரங்குப் பெட்டிக்கு அடியில் ஒரு புதிய கறுப்புத் துணி மடித்து வைத்திருந்தது. மாமன் முந்தின வருஷம் சபரிமலைக்கு மாலை போட்டவர். அதற்கு வாங்கிய துணி என்று நினைத்தேன். கேட்டு எடுத்திருக்கலாம். மாமன் தூங்கிக்கொண்டிருந்தார், எழுப்பிக் கேட்கக் கூச்சம். (அம்மாவின் சொந்தத் தம்பி. இரண்டு வருஷமாக எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. இருந்தாலும்.)

உச்சியில் எல்லாரும் பழைய வேட்டியில் கிழித்த துண்டுகளை எடுத்தார்கள். நான் கொண்டுவர மறந்திருந்தேன். பொதியை அவிழ்த்து இலையைப் பாறையில் வைத்தேன். துணி கறுப்பு, சாஸ்தாவுக்கு உகந்த நிறம். முழுத்துணியாகவும் இருந்தது, என் கோரிக்கையும் சின்னதல்ல. ஆனால் இருபத்தொரு பேர் பார்க்க அதை எப்படிக் கட்டுவது? யார் கண்ணிலும் படக்கூடாது என்று, எல்லாரும் நகர்ந்த பிறகு மரத்தில் ஏறி உச்சிக் கொம்பில் கட்டினேன்.

காற்று வந்தது. நான்கு முழத் துணி விரிந்து படபடத்தது. அடிவாரத்தில் பனச்சமூட்டுக்குப் போகிற ரோடு முழுக்க அதைப் பார்த்தது.

அன்றைக்கு அந்த ரோட்டில் ஒரு மந்திரி வருகிறார் என்பதோ, கறுப்புக்கொடிக்காக போலீஸ் வீடு வீடாகச் சோதனை போடுகிறது என்பதோ எனக்குத் தெரியாது. எங்கள் மாமன் போராட்டத்தில் இருந்தது அம்மாவுக்கே தெரியாது.

சாப்பிட உட்கார்ந்தபோது ஒரு ஏட்டும் ஒரு போலீஸ்காரரும் மேலே வந்து சேர்ந்தார்கள். ஏட்டுக்கு மூச்சு வாங்கி முடிய நேரமானது. பிறகு சாரைப் பார்த்து, நீர்தானா தலைவர் என்று மலையாளத்தில் கேட்டார்:

"சாறாணோ நேதாவு? பிள்ளாரெக் கொண்டு மந்திரிக்கு கொடி காட்டுந்நோ?"

"ஐயோ, பூகோளம் படிப்பிக்கான் வந்நதா."

"பாக்கி ஸ்டேஷனில் படிப்பிச்சா மதி." (மீதியை ஸ்டேஷனில் நடத்தினால் போதுமாம்.)

சாருக்கு நான்கு பிள்ளைகள். போராட்டத்தில் பெயர் வந்தால் வாத்தியார் வேலை போய்விடும் என்பது எங்களுக்கே தெரியும். சாரின் கையிலிருந்த மரச்சீனி அப்படியே இருந்தது. நான் எழுந்து சொல்ல வேண்டிய இடம் இது. என் குரல் வழக்கம்போல உட்கார்ந்துவிட்டது.

போலீஸ்காரர் மரத்தில் ஏறித் துணியை அவிழ்த்துக் கொடுத்தார். ஏட்டு அதை மடித்தார். பாதியில் நிறுத்தி மோந்து பார்த்தார். மறுபடியும் மோந்தார்.

"எடோ, இதில் மரச்சீனி மணக்குந்நல்லோ!"

துணியின் நடுவில் மஞ்சள் கறை. ஏட்டு எங்கள் வரிசையில் ஒவ்வொரு பொதியாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எல்லார் இலைக்குக் கீழேயும் துணி இருந்தது. என் இலை மட்டும் வெறும் பாறையில் இருந்தது.

"எலே, உனக்க துணி எங்கலே?" என்றார் சார்.

யாரும் எழுப்பாமல் நானாக எழுந்தேன். "நான் ஆக்கும் சார் கெட்டினேன். மாமனுக்க சபரிமலைத் துணி. சாஸ்தாவுக்கு நேர்ச்சை."

"எந்து நேர்ச்சை?" என்றார் ஏட்டு.

இருபத்தொரு பையன்கள், இரண்டு போலீஸ், பக்கத்தில் சார். சொன்னேன்: "சார் என்னைய எழுப்பி வாசிக்கச் சொல்லப்பிடாதுண்ணு."

ஏட்டு பாறையில் உட்கார்ந்துவிட்டார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார். "இதினாணோ ஞான் இத்றேம் மலை கேறியது!" என்று சொல்லிக்கொண்டே என் மரச்சீனியில் பாதியைச் சாப்பிட்டார். (மந்திரி வருகிறார் என்று அவருக்குக் காலையில் ஒன்றும் கிடைக்கவில்லையாம்.) துணியை மட்டும் கொண்டுபோனார். சாரை விட்டுவிட்டார்.

வீட்டுக்கு வந்தால் மாமன் வாசலில் நின்றார். நாங்கள் மலையேறிக்கொண்டிருந்தபோது போலீஸ் வந்து அவர் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்திருக்கிறது. ஒன்றும் கிடைக்கவில்லை.

"எனக்க துணிய எடுத்தது நீயாலே?"

தலையாட்டினேன். மாமன் ஒரு கையால் என் காதைத் திருகினார். மறு கையால் ஒரு பழம் தந்தார்.

சாஸ்தா கேட்டதைக் கொடுத்தார். அதன் பிறகு சார் என்னை எழுப்பவே இல்லை. அந்த வருஷத்தோடு என் படிப்பும் நின்றது. எல்லை ஒரு வழியாக வந்தது. நாங்கள் மலையாளப் பக்கம் ஆனோம். வீட்டு விசேஷங்களில் மாமன் இன்றும் சொல்வார்: "நாங்க முப்பது பேர் திட்டம் போட்டோம். கொடி காட்டினது இவன் ஒருத்தன். அதும் பாடம் வாசிக்க வெக்கப்பட்டு."

போன மாதம் என் மகள் பள்ளிக்கூடத்தில் சுற்றுலா போனாள். என் மனைவி சோற்றுப்பொதியைக் கட்டிக் கொடுத்துவிட்டு, என் காதில் விழும்படி சொன்னாள்: "வெள்ளைத் துணி ஆக்கும் மக்கா. சாப்பிட்டுட்டு மடிச்சுக் கொண்டு வா. அப்பனைப் போல எங்கயும் ஏறிக் கெட்டாத."