பன்னிரண்டு மணிச் செய்தி

புது லேப்டாப்பில் லினக்ஸ் ஏறிவிட்டது. மணி பன்னிரண்டும் ஆகிவிட்டது. பெய்யூனுக்கு வரவேண்டிய செய்தி மட்டும் வரவில்லை.

பழைய மெஷினில் மூன்று வருடமாகத் தவறியதே இல்லை. பன்னிரண்டு அடித்தால் திரை நடுவில் ஒரு பெட்டி திறக்கும்: "மணி பன்னிரண்டு. வேலையை விடு. சூடாகச் சாப்பிடு."

லியாங்தே போட்டுவைத்தது. முதலில் பக்கத்து நாற்காலிக்காரன், பிறகு காதலன், பிறகு நெதர்லாந்துக்காரன். அங்கே வேலைக்குப் போனவன் ஒரு வரி எழுதவில்லை. ஆனால் இந்த ஷின்ச்சூ அலுவலகத்தில் வேறு யார் திரையிலும் அந்தப் பெட்டி திறப்பதில்லை. அதற்கு என்ன அர்த்தம் என்று பெய்யூன் தானே முடிவு செய்துகொண்டாள். அம்மா பார்த்துக் கொடுத்த இரண்டு மாப்பிள்ளைகளையும் அந்தப் பெட்டியை நம்பித்தான் விரட்டினாள்.

வெள்ளிக்கிழமை மாலைக்குள் பழைய மெஷினை ஒப்படைக்க வேண்டும். மொத்தத்தையும் அழித்துவிடுவார்கள். இன்று புதன்.

"எல்லாத்தையும் எடுத்தாச்சில்ல?" என்றான் எதிர்மேசை அ-குவான்.

"இழுத்துப் போட்டுட்டேன்."

"கண்ணுக்குத் தெரிஞ்சதை மட்டுமா? புள்ளியில ஆரம்பிக்கிற ஃபைலெல்லாம் ஒளிஞ்சிருக்கும். செட்டிங்கே அதுலதான் இருக்கு."

ஒளிந்திருந்ததையும் அள்ளிக் கொட்டினாள். பழைய செட்டிங் புதுத் திரையோடு சண்டைக்கு நின்றது. எழுத்துகள் கொய்யாப்பழம் அளவுக்கு வீங்கின. சீனத்தில் தட்டச்சு செய்யவே முடியவில்லை.

"சாஃப்ட்வேர் பத்தலையோ என்னவோ. பழசுல என்னென்ன இருக்குன்னு லிஸ்ட் எடுத்து அப்படியே இதுல ஏத்து."

ஏற்றினாள். பழைய மெஷினின் டிரைவரும் கூடவே வந்து உட்கார்ந்தது. வைஃபை செத்தது.

அ-குவான் லேப்டாப்பைச் சுற்றிப் பார்த்தான். "பச்சைப் பொட்டலம் எங்க?"

மெஷின் சமர்த்தாக இருக்க வேண்டுமென்றால் பக்கத்தில் ஒரு பச்சைப் பொரிப் பொட்டலம் வேண்டும், காலாவதி ஆகாததாக. இந்த அலுவலகத்தில் பட்டம் வாங்கிய பதினேழு பேரும் இதை நம்புகிறார்கள்.

"தின்னுட்டேன்."

"தின்னுட்டியா?"

"செய்தி வரல, சாப்பிட மறந்துட்டேன். மூணு மணிக்குப் பசி தாங்கல."

"படையலை எடுத்துத் தின்னுட்டு, சாமி வரம் தரலைன்னு அழறே."

கீழே கடையில் பச்சை தீர்ந்திருந்தது. மஞ்சள் வாங்கிவந்து வைத்தாள்.

"மஞ்சளா? பச்சைன்னா ஓடும், மஞ்சள்னா எச்சரிக்கை. நீ மெஷினுக்குச் சூனியம் வைக்கிறே, தாயே."

அவன் சொல்லி வாய் மூடவில்லை, திரை கறுத்துவிட்டது.

வியாழன் முழுக்க முதலிலிருந்து நிறுவினாள். சாயங்காலம் அ-குவான் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "அப்படி எதைத்தான் தேடுறே?"

சொன்னாள்.

"அது உன் ஃபோல்டர்ல இருக்கவே இருக்காது. நேரம் பாத்து ஓடுற வேலைக்கெல்லாம் தனி லிஸ்ட் உண்டு, சிஸ்டம் உள்ள. முதல்லயே சொல்றதுக்கென்ன?"

"சொன்னா சிரிப்பே."

"சிரிக்கத்தான் போறேன்."

சிரிக்கவில்லை. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

பழைய மெஷினில் அந்த லிஸ்டைத் திறந்தார்கள். ஒரே ஒரு வரி. லியாங்தே விட்டுப்போன மொத்தச் சொத்து. பெய்யூன் அதை நகலெடுக்கவில்லை. ஒவ்வோர் எழுத்தாகத் தன் கையாலேயே தட்டினாள்.

வெள்ளி, பன்னிரண்டு. பெட்டி திறந்தது.

சூடாகச் சாப்பிடு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு படியிறங்கி ஓடினாள். யாரிடமாவது சொல்லியே ஆக வேண்டும். தெருமுனையில் அவள் தினமும் சாப்பாட்டுப் பெட்டி வாங்கும் கடைக்காரி, ஊருக்கெல்லாம் சித்தி, அவள்தான் அகப்பட்டாள்.

"சித்தி, லியாங்தே போட்ட செய்தி திரும்ப வந்துடுச்சு. பன்னெண்டு மணிக்குச் சாப்பிடச் சொல்லி. என் மெஷின்ல மட்டும்தான் வரும்."

சித்தி சோற்றின் மேல் கோழிக்காலை வைத்து மூடியை அழுத்தினாள்.

"கடைக்கு ஆள் வரட்டும்னு நான்தான்டி போடச் சொன்னேன்; பதினேழு மெஷின்லயும் போட்டாச்சுன்னு சொல்லிப் பதினேழு கோழிக்கால் தின்னுட்டுப் போனான், பன்னெண்டு அடிச்சா ஓடி வர்றது என்னமோ இன்னிவரைக்கும் நீ ஒருத்திதான்."