ஊதா நிறத்தில் ஒரு குடைக்காரன்

பாசத்திற்குரிய அண்ணன் அவர்களுக்கு,

தம்பி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே என் உடம்புக்கு ஒன்றும் இல்லை. மனசுக்குத்தான் எல்லாம். அங்கே நீங்களும் அண்ணியும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உங்களை யாரும் ஊதா நிறத்தில் வரையாதவரை நலமாகத்தான் இருப்பீர்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். என்னை இந்த வீட்டை விட்டுக் கிளப்பப் பார்க்கிறார்கள். வாய்விட்டு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்தான் பரவாயில்லையே! ஆயுசு முழுக்க ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான். போர்வைக்குள் நிஜமாகத் தூங்குகிறவன் யார், டிக்கெட் இல்லாமல் தூங்குகிறவன் யார் என்று கால் கட்டைவிரலைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்பது உங்களுக்குத் தெரியும். ஓய்வு பெற்று மகள் வீட்டில் வந்து தங்கியதிலிருந்து அந்தக் கண்ணுக்கு வேலை இல்லாமல் இருந்தது. இப்போது ஓவர்டைம் பார்க்கிறது.

மாப்பிள்ளைக்கு அனிமேஷன் கம்பெனியில் வேலை என்று முன்பே எழுதியிருக்கிறேன். பறக்கிற சூப்பர் ஹீரோ படம் ஒன்று தயாராகிறது. கதை தொடங்குவதற்கு முன்னால் பெயர்கள் ஓடும் அல்லவா, நாம் இருட்டில் சீட்டைத் தேடிக்கொண்டு யார் காலையாவது மிதிக்கும் நேரம், அந்த டைட்டில் மட்டும் இவர் பொறுப்பு. அதில் யார் முகமும் தெரியாதாம். வெறும் நிழல் உருவங்களும் நிறமும்தான். படம் முழுக்கச் சொல்லப்போவதை அந்த மூன்று நிமிஷத்தில் நிறத்தாலேயே சொல்லிவிட வேண்டுமாம். அதற்காகச் சாப்பாட்டு அறைச் சுவரில் கலர் கலராகச் சதுரக் காகிதங்களைக் குண்டூசியால் வரிசையாகக் குத்தி வைத்திருக்கிறார். இடமிருந்து வலமாகப் பார்த்துக்கொண்டே போனால் டைட்டில் எப்படி ஓடும் என்று தெரிந்துவிடுமாம். நான் ஒருநாள் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்காமல் கேட்டுவிட்டேன்.

"மாப்ள, எந்தக் கலர் யாருக்கு?"

"சிவப்பு ஹீரோவுக்கு மாமா. கோபக்காரன், ஆனா நல்லவன். ஊதா வில்லனுக்கு. மஞ்சள்..." என்று கொஞ்சம் யோசித்தார். "மஞ்சளைப் பார்த்தா பயம் போயிடணும். அப்பாடா, வீட்டுக்கு வந்துட்டோம்னு இருக்கணும்."

"வில்லனுக்கு ஏன் ஊதா?"

"சிவப்பும் நீலமும் கலந்ததுதானே அது. எந்தப் பக்கம்னே சொல்ல முடியாது. நம்ப முடியாத ஆள்."

என் தோளில் கிடந்த துண்டைப் பார்த்தேன். ஊதா. சந்தேகத்தோடு குளியலறைக்குப் போனேன். என் மக் ஊதா, என் வாளி ஊதா, பல் துலக்கும் பிரஷ் கூட ஊதா. மகள் எனக்கென்று வாங்கிய ஸ்வெட்டரும் அதே. கேட்டால், "ஆஃபர்ல அந்த ஒரு கலர்தான்பா இருந்துச்சு" என்கிறாள். வில்லனை யார்தான் முழு விலை கொடுத்து அலங்கரிப்பார்கள்?

அதோடு போயிருந்தால் நானும் பொறுத்துப் போயிருப்பேன். மறுநாள் மாப்பிள்ளையின் கம்ப்யூட்டரில் அந்த வில்லன் நடப்பதைப் பார்த்துவிட்டேன். முன்னால் சாய்ந்த முதுகு, நம் அப்பா நமக்கு விட்டுப்போன ஒரே சொத்து. கையில் வளைந்த பிடி போட்ட குடை. அதே குடை அண்ணா! என் மகள் கல்யாணத்தன்று நீங்கள் மறந்துவிட்டுப் போனதும், நான் திருப்பித் தர மறந்துபோனதுமான அதே குடை. அதை இப்போது இந்தத் தெருவில் யார் தூக்கிக்கொண்டு திரிகிறார்? நான்தான். அந்த ஆள் குடையை ஒரு சுழற்றுச் சுழற்றியதும் திரையில் இருந்த சிவப்பெல்லாம் வடிந்துபோய் ஊர் முழுக்க ஊதா பரவுகிறது. நான் யார் ஊரை இப்படி இருட்டாக்கினேன்? போன மாதம் மாப்பிள்ளை, "கல்யாண வீடியோ எங்க மாமா இருக்கு?" என்று கேட்டது அப்போதுதான் நினைவுக்கு வந்தது. பெண்டாட்டி மேல் மனுஷனுக்கு இவ்வளவு பிரியமா என்று பூரித்துப்போய் நானே பெட்டியைக் கவிழ்த்துத் தேடிக் கொடுத்தேன். என் நடையை என் கையாலேயே தூக்கிக் கொடுத்திருக்கிறேன்.

அப்புறம் மாப்பிள்ளையின் போன் பேச்சு. நான் ஒட்டுக் கேட்கவில்லை, கதவுக்குப் பின்னால் தற்செயலாக நின்றுகொண்டிருந்தேன். "அந்தக் கிழவனை இன்னும் கொஞ்சம் இருட்டாக்குங்க. ரொம்ப நேரம் வச்சுக்க வேண்டாம், சீக்கிரம் வெளிய தள்ளிடலாம்" என்கிறார். அன்று சாயங்காலமே எதிர்ப் பிளாட்பாரத்தில் நின்று என் அறை ஜன்னலைப் போட்டோ எடுத்தார். நான் வழக்கம்போல விளக்கைப் போட்டுக்கொண்டு பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன். போட்டோ எதற்கு? வாடகைக்கு ஆள் பார்க்கத்தானே? காற்றோட்டமான அறை, கிழவன் உடனே காலி செய்வான்.

எனக்கும் ரோஷம் இருக்கிறது அண்ணா. எல்லாரும் வெளியே போன நேரம் பார்த்து, சுவரில் இருந்த ஊதாக் காகிதங்களையெல்லாம் எடுத்துவிட்டு அந்த இடத்தில் மஞ்சளைக் குத்தி வைத்தேன். மாப்பிள்ளை இன்று காலை அவசரத்தில் கவனிக்காமல் சுவரை அப்படியே போட்டோ பிடித்துக் கம்பெனிக்கு அனுப்பிவிட்டார். அங்கே ஒரு கூட்டமே மத்தியானம் வரை உட்கார்ந்து வில்லனுக்கு மஞ்சள் பூசியிருக்கிறது. மாப்பிள்ளை மத்தியானம் சாப்பிட வந்திருந்தபோது டைரக்டர் போனில் கத்தியது சமையலறை வரைக்கும் கேட்டது: "வில்லன் வந்தா ஓடிப்போய்க் கட்டிப் பிடிச்சுக்கணும் போல இருக்குய்யா!"

மாப்பிள்ளை சுவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் பேப்பரைப் பார்த்தேன்.

"அப்பா, நீங்களா?" என்றாள் மகள்.

"எனக்கென்னம்மா தெரியும்? வெயில் பட்டுக் கலர் மாறியிருக்கும்."

அந்தச் சுவரில் வெயிலே படாது. மாப்பிள்ளை கோபித்துக்கொண்டிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். "சாயங்காலம் ஆபீசுக்கு வாங்க மாமா. உங்களுக்கு ஒண்ணு காட்டணும்" என்று சிரித்த முகமாகச் சொல்லிவிட்டுப் போனார். டிக்கெட் இல்லாதவனை நானும் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் சிரித்த முகமாகத்தான் கூட்டிக்கொண்டு போவேன். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. இந்த ஒரு பெண்ணை விட்டால் எனக்கு வேறு யார் வீடு இருக்கிறது? ஞாயிற்றுக்கிழமை வண்டி எடுத்துக்கொண்டு வந்து என்னை அழைத்துப் போய்விடுங்கள். நீங்கள் ஒன்றும் பேச வேண்டாம். வாசலில் வந்து நின்றாலே போதும், எல்லாரும் அடங்கிவிடுவார்கள்.

அண்ணிக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் எந்தக் குறையும் இல்லாமல் நீடூழி வாழட்டும்.

இப்படிக்கு,
போக்கிடம் தேடும்
உங்கள் தம்பி

பின்குறிப்பு: உறையை ஒட்டப் பசை தேடிக்கொண்டிருந்தபோதே மாப்பிள்ளை வந்து கூட்டிக்கொண்டு போய்விட்டார். இப்போதுதான் திரும்பினேன். டைட்டிலை முழுவதும் போட்டுக் காட்டினார். அந்த ஊதா ஆள் நான் இல்லை அண்ணா. நீங்கள்.

கல்யாண வீடியோவில் நீங்கள் குடையைச் சுழற்றிக்கொண்டு உள்ளே வருகிறீர்கள் அல்லவா, அதைப் பார்த்துத்தான் வரைந்தார்களாம். "பெரிய மாமா வந்ததும் மொத்த மண்டபமும் கப்சிப்புன்னு ஆச்சு மாமா. அந்த மாதிரி நடை வேற யாருக்கு வரும்?" என்கிறார். அப்படியானால் அந்த மூன்று நிமிஷத்தில் எனக்கு ஒரு மூலை கூட இல்லையா? கேட்டே விட்டேன். கடைசிப் பகுதியை மறுபடி ஓடவிட்டார். ஊரெல்லாம் ஊதா. சிவப்பு ஹீரோ அடிபட்டுத் தள்ளாடிக்கொண்டு பறக்கிறான். தூரத்தில் ஒரே ஒரு ஜன்னலில் மட்டும் மஞ்சள் வெளிச்சம், உள்ளே ஒருவர் முதுகு சாய்த்துப் பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். அவன் அதைப் பார்த்துத்தான் இறங்குகிறான். "வேலை முடிஞ்சு தெருமுனை திரும்பினதும் உங்க லைட்டுதான் மாமா தெரியும். அப்பத்தான் எனக்கு மூச்சே வரும்" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. கண்ணில் தூசி என்றேன். ஏசி போட்ட அறை, அவரும் நம்பவில்லை.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வண்டி வேண்டாம். சும்மா பார்க்க வருவதானால் வாருங்கள், குடையைக் கேட்காதீர்கள், பார்த்து வரைவதற்கென்று அதைக் கம்பெனியில் வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் ஒன்று உறுத்திக்கொண்டே இருக்கிறது. உங்களுக்கு முழுத் திரையையும் கொடுத்த மனுஷன் எனக்கு ஒரே ஒரு ஜன்னல்தான் கொடுத்திருக்கிறார், அதுவும் நகத்தளவு. ஏன்? விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.