பூராவி மன்னருக்கு நான் கட்டிய அறை

ஸ்ஃபாக்ஸ்,
ஞாயிறு பிற்பகல்.

பெருமதிப்பிற்குரிய மச்சான் பூராவி அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் உங்கள் தங்கை தலீலாவும் நலம். சூஸாவில் நீங்களும் என் மாமியாரும் பிள்ளைகளும் நலமாயிருக்க இறைவன் அருளட்டும். உங்கள் குரலைக் கேட்கும் மனநிலையில் நான் இல்லாததால் எழுதுகிறேன்.

நம் குடும்பம் கணினி விளையாட்டில் ஆளுக்கு ஓர் ஆட்ட ஆண்டு நடத்தி அடுத்தவருக்குக் கைமாற்றிவரும் குள்ளர் கோட்டையை, உங்கள் ஆண்டு முடிந்து எனக்கு அனுப்பியபோது என்ன எழுதினீர்கள்? "எல்லாம் சுகம், காளான் மதுதான் கொஞ்சம் குறைவு." கோட்டையின் மன்னர் ஒரு ரத்தக்காட்டேரி என்று எழுத விரல் வலித்ததா? அந்த மன்னருக்கு உங்கள் பெயரை வைத்துக்கொண்டீர்கள், காவல் தலைவிக்கு மாமியார் பெயர், கல் கொத்துபவளுக்குத் தலீலா பெயர், கல்லூரியில் இருபத்திரண்டு ஆண்டு புவியியல் நடத்திய என் பெயரை மட்டும் மதுவுக்குக் காளான் ஊறப்போடுகிறவனுக்கு வைத்தீர்கள், அதையும் நான் மறக்கவில்லை. என் ஆண்டின் முதல் மாதமே கோட்டைப் பால்காரி கட்டிலில், தூக்கத்திலேயே ஒரு சொட்டு ரத்தமில்லாமல் கிடந்தாள். பதறிப்போய் மன்னரின் வரலாற்றைத் திறந்தால் வயது முந்நூற்று நாற்பது, மனைவிகள் பதினொரு பேர், அவர் சாப்பிட்டதைப் பார்த்தவர் ஒருவருமில்லை. உங்கள் ஆண்டிலும் நாலு பேர் இப்படியே போயிருக்கிறார்கள். நாலு கல்லறையிலும் 'முதுமை' என்று செதுக்க வைத்திருக்கிறீர்கள். விசாரணை வைத்தேன். சாட்சி சொன்னவர் மன்னர், கைகாட்டியது என்னை! காவல் தலைவியான மாமியார் தண்டனையாக என் இரண்டு காலையும் உடைத்துவிட்டார்.

"பாரு, உங்கம்மா என் கால ஒடிச்சிட்டாங்க!" என்று தலீலாவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன்.

"எங்கம்மா காரணமில்லாம அடிக்க மாட்டாங்க. அந்தப் பால்காரிய என்ன பண்ணீங்க?"

"ரத்தம் குடிக்கிறது உங்கண்ணன்!"

"எங்கண்ணன் ஆட்டு ஈரலப் பாத்தாலே மயங்கி விழுவாரு. தீர்ப்புதான் வந்தாச்சே, பேசாமப் போய்க் காளான ஊறப்போடுங்க."

அதற்குப் பிறகு ஐந்து பிணங்கள், கடைசிப் பிணம் கல் கொத்தும் தலீலாவின் பக்கத்து அறையில். அடுத்தது அவள்தான், அவளைப் பறிகொடுத்துவிட்டு நான் இந்த வீட்டில் இருக்க முடியாது, ஏனென்றால் வீட்டுத் தலீலா தினமும் வந்து திரையைப் பார்த்து, "நான் இன்னிக்குச் சாப்பிட்டேனா?" என்று கேட்டுவிட்டுத்தான் அடுப்படிக்கே போகிறாள். ஆகவே இன்று காலை மன்னருக்குத் தங்க நாற்காலி போட்டுத் தனி அறை ஒதுக்கினேன், அவரும் கம்பீரமாகப் போய் உட்கார்ந்தார், உடனே வாசலைக் கல் வைத்து அடைக்க உத்தரவிட்டேன். சோறு தண்ணீர் வேண்டாதவர், உள்ளேயே உலகம் முடியும்வரை ஆளட்டும். ஆயுளுக்கும் உங்களால் முடியாததை ஒரு காலைப்பொழுதில் முடித்தேன். இனி இங்கே ஓர் உயிர் போகாது.

மாமியார் கரங்களுக்கு என் முத்தம், அவை ஓய்வாக இருக்கும்போது. பிள்ளைகளுக்கு ஆசிகள்.

கறையற்ற கைகளுடன்,
லம்ஜத்

பி.கு.: மச்சான், மேலே எழுதிய எதையும் மனதில் வைக்காதீர்கள். வாசலின் கடைசிக் கல்லைத் தலீலாதான் வைத்தாள், உள்பக்கம் நின்று வைத்திருக்கிறாள்! அவளுக்குத் தூக்கத்தில் கண் சொக்குகிறது என்று திரை சொல்கிறது, எதிரே நாற்காலியில் நீங்கள். வெளியிலிருந்து சுவரை இடிக்க ஆட்டக் கணக்கில் ஒரு நாளாகும். ஆட்டத்தை நிறுத்திவைத்துவிட்டு வீட்டுத் தலீலாவிடம் சொன்னேன். "எங்கண்ணன்கூடத்தான இருக்கேன், எனக்கென்ன பயம்? ஆட்டத்த ஓட விடுங்க," என்று பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போடுகிறாள். நான் சொன்னால் நம்ப மாட்டாள். இதைப் பார்த்ததும் தொலைபேசியில் கூப்பிட்டு, நீங்கள் யாரென்று உங்கள் வாயாலேயே அவளிடம் சொல்லிவிடுங்கள்.