அப்பா போனின் மோடத்தை நான் கண்டுபிடித்த கதை

முழுதாகத் தெரிந்தவனால் வீட்டுக்கு உபகாரம். ஒன்றுமே தெரியாதவனால் உபத்திரவம் இல்லை. நான் இரண்டுக்கும் நடுவில் இருந்தேன். பாலிடெக்னிக் முடித்துவிட்டு, போடியில் வேலையில்லாமல், செல்போன் ரிப்பேர் வீடியோக்களாகப் பார்த்துத் தள்ளிய காலம் அது.

போடிமெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில், ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரில் அப்பாவுக்கு வேலை. அங்கே தனியாகத் தங்கியிருப்பார். ஞாயிற்றுக்கிழமை ஜீப்பில் வீட்டுக்கு வருவார். அப்படி வந்தவர் போனை நீட்டினார்.

"அப்டேட்டுன்னு கேட்டுச்சு, அமுக்கிட்டேன். அதுலருந்து மேல சிக்னலே இல்லடா."

(வீட்டில் சிக்னல் முழுதாக இருந்தது. அதைப் பார்த்தும் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.)

"சிக்னல் புடிக்கிற மோடம் சிப்புக்குப் புது அப்டேட்டு ஒத்துக்கலப்பா. பழைய வெர்சனுக்கு எறக்கிட்டாச் சரியாயிரும்" என்றேன், பெரிய டாக்டர் தோரணையில். அந்த மாடல் இரண்டு வகை மோடம் சிப்போடு வரும். செட்டிங்ஸில் பேஸ்பேண்ட் என்ற வரியைப் பார்த்து, இதில் இருப்பது எது என்று அரை மணி நேரத்தில் கண்டுபிடித்துவிட்டேன். அந்தப் பெருமையில், பழைய வெர்சனுக்கு இறக்கக் கற்றுத்தந்த வீடியோவின் மிச்சத்தைப் பார்க்கவில்லை.

"அம்மா பேசுனது இதுல இருக்கு. பாத்துச் செய்யி அப்பு" என்றார் அப்பா.

அம்மா இறந்து எட்டு மாதம் ஆகியிருந்தது. போனில் தானாகப் பதிவான ஒரே ஒரு பேச்சுதான் மிச்சம். "ஏங்க, சுக்கு வாங்கிட்டு வரச் சொன்னேனே, மறந்துட்டீங்களா?" அவ்வளவுதான். மலையில் அப்பா தினமும் அதைப் போட்டுக் கேட்பார்.

"அதெல்லாம் அழியாதுப்பா" என்றேன். காப்பி எடுக்க ஐந்து நிமிடம் ஆகியிருக்கும். எடுக்கவில்லை.

கம்ப்யூட்டரில் மாட்டினேன். எல்லாம் அழிந்துவிடும், பரவாயில்லையா என்று அது கேட்டது. படித்துப் பார்க்காமலே சரி என்று அமுக்கினேன். திரை கறுத்தது. அப்புறம் வெளுக்கவே இல்லை.

மறுநாள் காலை இருவரும் செல்போன் கடைக்குப் போனோம். கடைக்காரர் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மோடத்தைச் சரியாத்தான் கண்டுபிடிச்சிருக்கீங்க தம்பி. ஆனா புது வெர்சன் ஏறிட்டா, பழசுக்கு எறங்க விடாம உள்ளயே பூட்டு இருக்கு. மீறி ஏத்துனா இப்பிடித்தான் செத்துரும். உள்ள இருந்ததும் போச்சு."

வெளியே வந்தால், அப்பாவை மலைக்குக் கூட்டிப்போக ஜீப் வந்து நின்றது. டிரைவர் எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே, போன் கடையில சோலி? ஒங்களுக்கும் சிக்னல் இல்லன்னு வந்தீங்களா? கேரளா பக்கத்து டவரு ஒரு வாரமா படுத்துக்கிச்சுண்ணே. மேல ஒருத்தனுக்கும் கெடைக்கல."

அப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். எதிரே இருந்த மளிகைக் கடைக்குப் போய் சுக்கு வாங்கிக்கொண்டு ஜீப்பில் ஏறினார். நான் செத்த போனோடு ரோட்டில் நின்றேன்.

இத்தனை வருடம் கழித்து இன்றைக்கும் வீட்டில் கரண்டு போனால் அப்பா குரல் கொடுப்பார்: "மொதல்ல பக்கத்து வீட்ல இருக்கான்னு பாருங்க. அதுக்குள்ள இவன் கையில எதையும் குடுத்துராதீங்க!" எல்லோரும் சிரிப்பார்கள், நானும்தான். விருந்தாளி யாராவது இருந்தால் முழுக் கதையும் வரும். அம்மா பேசியதை அப்பாவே அம்மா மாதிரி இழுத்துச் சொல்லிக் காட்டுவார். கொஞ்சமும் ஒத்துவராது. பாட்டியின் குரல் என்று என் மகளுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.